பொழுதடையப் பன்னிரண்டு

இந்த அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்கள் பொய் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய பள்ளிவாசல் கடிகாரம் ஒன்றில் 'பழுது. நாளை அகற்றப்படும்' என்று அட்டை தொங்குகிறது. அதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. பித்தளை முகப்பில் பூங்கொடி, அரபு எழுத்தில் எண்கள். என் கைக்கடிகாரத்தில் ஆறரை ஆகப்போகிறது. அதில் பன்னிரண்டு ஆகப்போகிறது.

"நேரம் தப்பா காட்டுதே?" என்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் மேலப்பாளையம் ஜவுளிக்கடைக்காரர் சிரிக்கிறார். "தப்பு உம்ம கையிலதான் கெடக்கு வே. இது எங்க தெருப் பள்ளியில இருந்து வந்தது. நாந்தான் வாரம் தவறாம சாவி கொடுத்து முள்ளத் திருத்தி வைக்கேன். பொழுது அடையும்போது பன்னெண்டு. அதோட அடுத்த நாளு ஆரம்பம். அப்படித்தான் அந்தக் காலத்துல வைப்பாவ."

"இதை இங்க சொல்லலியா அண்ணாச்சி?"

"சொன்னேன்லா. யாரு கேக்கா?"

ஜன்னலுக்கு வெளியே வயல்கள் சிவக்கின்றன. கடிகாரம் முனகிவிட்டு அடிக்கத் தொடங்குகிறது. பன்னிரண்டும் அடித்து முடிவதற்குள் தெருவில் தொழுகைக்கான வாங்கு எழுகிறது. அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உலுக்குகிறேன். "விடும் வே, தொழப் போகணும்" என்று அவர் சிரிக்கிறார்.

அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்களே, ஓடுகிற கடிகாரத்தைப் பழுது என்று எழுதியது யார்? நாளை அதை இறக்குவதற்கு முன்பு, இதே இடத்தில், வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.