டைக்காரர் பெரியவரா, பொடியன் பெரியவனா

நான் ஒரு நாளும் கோல்ஃப் ஆடியதில்லை. ஆடுகிறவர்களை நேரில் பார்த்ததும் இல்லை. இருந்தும் என் இளமையின் சில வருடங்கள், அந்த ஆட்டத்தில் உலகத்திலேயே பெரிய ஆள் யார் என்ற கேள்விக்குள் அடைபட்டுக் கிடந்தன.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு சின்னப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மாத்தளைக்கு வந்ததும் அது நின்றது. கணவருக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை. மாமி நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் கணவரின் அப்பா, என் மாமா மட்டும்தான். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. நான் வந்த மறு வருடம் கண் பார்வை முழுதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவருடைய கண் நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள். கேட்கிற எனக்கு மூச்சு முட்டும்.

மாமா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலிருந்தே மலையில் துரைமாருடைய கிளப்பில் கிளாக்கராக இருந்தவர். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கூடிக் குடிக்கவும் கோல்ஃப் ஆடவும் வைத்திருந்த கிளப் அது. போட்டி நடந்தால் யார் எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்தினார்கள் என்று எழுதுவதும், வென்றவரின் பெயரைச் சுவர்ப் பலகையில் தங்க மையால் தீட்டுவிப்பதும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் கிரிக்கெட் பேசும்போது அவர் கோல்ஃப் பேசுவார். பேச ஆள் கிடையாது என்பதால் தனக்குள்ளேயே பேசிப் பேசி அது அவருக்குள் இறுகிப்போயிருந்தது.

பேச ஆள் கிடைத்தது எங்கள் தெருவிலேயே கடை வைத்திருந்த முதலாளியால். மிளகும் கராம்பும் ஏலமும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. பல வருடம் அந்தக் கிளப்புக்கு முட்டையும் கோழியும் கொடுத்தவர். கொடுத்துவிட்டு உடனே திரும்பமாட்டாராம். வேலியோரம் நின்று ஆட்டம் பார்ப்பாராம். துரைமார் ஒவ்வொருவராகத் தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. போகும்போது பங்களாக்களில் சேர்ந்து கிடந்த ஆங்கிலச் சஞ்சிகைகளை நிறைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். பொட்டலம் கட்ட அவை முதலாளியின் கடைக்கு வரும். கோல்ஃப் படம் உள்ளதை மட்டும் அவர் ஒதுக்கி வைத்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்கு ஆங்கிலம் பேச்சுக்கு வரும், வாசிக்க வராது. மாமாவுக்கு வாசிக்க வரும், கண் இல்லை. ஆகவே நான்.

மாமாவின் அறை ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். காற்றுப் பட்டால் கண் வலிக்கிறது என்பார். மருந்துத் தைல வாசனைக்குள் ஒரு பிரம்புக் கதிரையில் அவர், சுவரோரம் நீள வாங்கில் முதலாளி, கதவோரம் முக்காலியில் நான். விளக்கு வைக்கிற நேரம் வரை வாசிப்பேன்.

அந்தச் சஞ்சிகைகள் வரிசையாக வரமாட்டா. இன்றைக்கு வருவதில் ஒருவர் நரைத்துப்போய் விடைபெறுவார். நாளைக்கு வருவதில் அதே ஆள் மீசை முளைக்காமல் முதல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். யுத்தத்துக்கு முன், யுத்தத்துக்குப் பின், போன வருடம் எல்லாம் ஒரே கட்டில் கிடக்கும். எங்கள் அறையில் எல்லாக் காலத்து ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தார்கள்.

மாமாவின் ஆள் பழைய காலத்தவர். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, மரத்தண்டு வைத்த மட்டையால் ஆடியவர். அதனால் வீட்டில் அவருக்கு டைக்காரர் என்று பெயர். முதலாளியின் ஆள் அப்போதுதான் எழும்பி வந்துகொண்டிருந்த இளைஞர், நல்ல பருமன். அவர் பொடியன்.

"மரத்தண்டு, முதலாளி! மழையில நனைஞ்சா முறுக்கிக்கும். அதை வச்சிக்கிட்டு அந்த மனுசன் அப்பிடி ஆடினாரு. ஒங்க பொடியன்கிட்ட அதைக் குடுத்துப் பாருங்க" என்பார் மாமா.

"சரி கிளாக்கர் ஐயா, ஒங்க டைக்காரரோட ஆடினவன் எத்தன பேரு? பொடியனோட ஆட உலகமே வரிசையில ஈக்கிது. கூட்டத்துல முந்துறது லேசா?" என்பார் முதலாளி. 'இருக்கிறது' என்பது அவர் பேச்சில் 'ஈக்கிது' என்று வரும்.

"கப்பல்ல போகணும் அப்ப. வாரக்கணக்குல கடல். எறங்கி நேரா ஆட்டம். இப்ப ஏரோப்ளேன்ல தூங்கிட்டுப் போறான்."

"தூங்காமப் போனா மட்டும் பந்து குழிக்குள்ள விழுமா?"

"யுத்தம் வந்து எத்தனை வருசம் போட்டியே நடக்கல! அந்த வருசத்தையெல்லாம் எவன் கணக்குல சேக்கிறது?"

இப்படியே போகும். முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு வாசிப்பில் ஒரு ருசி வந்தது. புல்லை எவ்வளவு ஒட்ட வெட்டினால் பந்து எப்படி ஓடும், எந்தக் காலத்தில் எந்தப் பந்து என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் பிறகு, ருசியும் போய், ஒவ்வொரு பின்னேரமும் முக்காலியில் உட்காரும்போது யாரோ வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவதுபோல இருக்கும். தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோதுகூடக் காலை பஸ்ஸில் போய்ப் பகல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மாமா சாப்பிடாமல் காத்திருந்தார். கோபப்படவில்லை. "வந்திட்டியா பிள்ளை" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் நாவுலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். என்னைப் படிப்பித்தவர், அங்கே தமிழ்ப் பாடசாலை ஒன்றில் அதிபராகியிருந்தார். ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை, நான் வந்தால் மேலிடத்தில் பேசி வேலை எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் தேநீர் ஊற்ற உள்ளே போயிருந்தேன். மாமாவின் குரல் கேட்டது.

"அவளுக்கு இங்க வேலை இருக்குங்க."

அதை அவர் மரியாதையாக, ஒரு தகவல் போலச் சொன்னார். அந்த அம்மா தேநீரைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு அடுப்படியில் நின்று அவர் குடித்த கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "நீ போகணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா அப்பாவ யார் பாத்துக்கிறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது தன் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

சில கிழமைகள் கழித்து முதலாளி ஒரு புதுச் சஞ்சிகையோடு வந்தார். நாடு திரும்பாமல் மிச்சமிருந்த ஒரு துரையின் பங்களாவிலிருந்து வந்ததாம், அழுக்குப்படாத தாள். முன்பக்கத்தில் பொடியன். டைக்காரரைப் பொடியன் முந்திவிட்டான் என்று உள்ளே எழுதியிருந்தது. பெரிய போட்டிகளில் வென்ற கணக்கில் இனி அவனே முதல் ஆள் என்றும், இனி யாரும் அவனை எட்டுவது கஷ்டம் என்றும் போட்டிருந்தார்கள்.

நான் முதல் பந்தியை வாசித்ததும் மாமா கையைத் தூக்கினார். "நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"அதை விடு. பழைய கட்டுல ஏதாவது எடுத்து வாசி."

"இல்ல மாமா. இது முடியட்டும்" என்றேன்.

அந்த வீட்டில் அதுவரை நான் 'இல்ல' என்ற சொல்லை அவரிடம் சொன்னதில்லை. முதலாளி வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாசித்தேன். கடைசி வரி வரை வாசித்தேன்.

மாமாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "அப்ப நீயும் பொடியன் பக்கமா?" என்று கேட்டார்.

"நான் யார் பக்கமும் இல்ல மாமா. யார் பெரிய ஆள்னு தெரிய வழியே இல்ல."

"ஏன் இல்ல? கணக்கு இருக்கே."

"உள்ள விட்ட ஆள்களோட கணக்குதானே அது?" என்றேன். "வெள்ளைக்காரங்க மட்டுந்தான் சேரலாம்னு ஒரு கோல்ஃப் சங்கத்துல கொஞ்ச காலத்துக்கு முந்தி வரைக்கும் சட்டம் இருந்திச்சாம். போன மாசம் வாசிச்சேனே, ஒரு மூலையில போட்டிருந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்ல. டைக்காரர் காலத்துல கிளப் கேட்டுக்கு வெளிய எத்தன பேரு நின்னாங்களோ. அவங்க கையில மட்டையைக் குடுத்திருந்தா? எப்பவும் பெரிய ஆள், எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள்னு எழுதுறாங்க. கேட்டு வாசல்ல நின்னவங்களக் கேக்காம எப்பிடி எழுதுறாங்க?"

பேசி முடித்த பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது. முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மகள் சொல்றதுல ஞாயம் ஈக்கிது, கிளாக்கர் ஐயா" என்றார் மெல்ல.

மாமா சாத்திய ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு யாருக்கென்றில்லாமல் சொன்னார்.

"நான் ஒரே ஒரு தடவ அடிச்சிருக்கேன்."

முதலாளி, "என்னா?" என்றார்.

"நல்ல மழை. தொரைமாரெல்லாம் ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு மட்டை புல்லுலயே கெடந்திச்சு, பக்கத்துல பந்தும். எடுத்து வைக்கத்தான் போனேன். கையில எடுத்ததும்... அடிச்சிட்டேன். நல்லாப் போச்சு. சத்தத்துலயே தெரியும், நல்லாப் போச்சு. ஆனா எங்க போய் விழுந்திச்சுன்னு தெரியல. ரொம்ப நேரம் தேடினேன். பந்து எங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். கெடைக்கவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல."

"இவ்வளவு காலத்துல எனக்கிட்ட சொல்லவே இல்லயே நீங்க" என்றார் முதலாளி.

"சொல்ல என்ன இருக்கு? ஒரு அடி." மாமா கதிரையின் கையை விரலால் தட்டினார். "போம்மா, தேத்தண்ணி போடு."

அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் வாசிக்கச் சொல்லவில்லை. முதலாளி வருவார், மழையைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசுவார், போய்விடுவார். வாசிப்பு நின்றால் நான் விடுபட்டுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. பின்னேரங்கள் இன்னும் நீண்டன. வீட்டில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பூட்டு என் மேல் மட்டும் இல்லை, அவர் மேலும்தான் என்று அந்தக் கிழமைதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்காக என் பூட்டு லேசாகிவிடவில்லை.

திங்கட்கிழமை காலை, கணவர் வேலைக்குப் போனதும், மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாவுலை பஸ்ஸில் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை.

அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவர் வந்துவிட்டார். அதிபர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வருந்தினார். வகுப்பறையைத் தாண்டித்தான் திரும்பி வரவேண்டும். உள்ளே ஒரு வாலிபர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்க்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அழாமல் வர வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

மாமா அதே கதிரையில் இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"எங்க போன?"

"நாவுலைக்கு."

"கெடச்சிச்சா?"

"இல்ல மாமா. வேற ஆள் வந்திட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். நான் சோற்றைச் சூடாக்கி வைத்தேன். பாதி சாப்பிட்டதும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அன்னைக்கு அந்த டீச்சரம்மாகிட்ட நான் சொன்னது ஒனக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு."

அவர் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். அன்று பின்னேரம் முதலாளி வந்ததும் சஞ்சிகையைப் பற்றிக் கேட்காமல், "கலேவெலப் பக்கம் சாமான் எடுக்கப் போவீங்கல்ல முதலாளி? அங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீசுக்கு ஆள் வேணுமான்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

"கலேவெல தூரம் அல்லவா, ஐயா? மகள் எப்பிடிப் போய் வருவா?"

"அவ போவா" என்றார் மாமா.

முதலாளி அங்கே ஒரு முஸ்லிம் பாடசாலையில் விசாரித்தார். ஒரே தடவையில் நடக்கவில்லை. அலைச்சலும் காத்திருப்பும் நிறைய. கணவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார், மாமா இரண்டு தடவையும் அவரைப் பேசவிடவில்லை. கடைசியில் தற்காலிக ஆசிரியையாக எடுத்தார்கள். மாமாவுக்குப் பகல் சோறு போட்டுக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார். முதலாளி ஒரு சின்ன ரேடியோவைக் கொண்டுவந்து மாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். வெளிநாட்டு விளையாட்டுச் செய்தி அதில் இரைச்சலோடு வரும்.

எல்லாம் மாறிவிடவில்லை. வேலை முடிந்து வந்தால் முக்காலி இருந்தது, வாசிப்பும் இருந்தது, சமையலும் இருந்தது. மாமா பொடியனை ஒத்துக்கொள்ளவே இல்லை. என் வாதத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய நின்னவன் கணக்கு நமக்குத் தெரியாது, தெரிஞ்ச கணக்கைத்தான் பேசணும்" என்பார். முதலாளி என் பக்கம் பார்த்துச் சிரிப்பார். நான் பதில் சொல்வேன். சில நாள் அந்த வாதம் விளக்கு வைத்த பிறகும் ஓயாது.

முதல் நாள் கலேவெலவுக்குப் போன பஸ் நினைவிருக்கிறது. விடிந்தும் விடியாத நேரம். உட்கார இடமில்லை. கத்தரிக்காய்ச் சாக்குக்கும் யாரோ ஒருவரின் தோளுக்கும் நடுவில் நசுங்கி நின்றேன். காலை நகர்த்த முடியவில்லை, கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. கொண்டக்டர் சிங்களத்தில், இன்னும் உள்ளே போங்கள், உள்ளே போங்கள் என்று கத்திக்கொண்டே வந்தார். நான் இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.