இஸ்திரி போட்ட சட்டை

இல்லத்தின் முன்னறையில், ஜன்னல் கம்பியில் ஒரு ஹேங்கர் தொங்குகிறது. அதில் சந்தன நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அது டிரில்லர் அண்ணனுடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதை எடுத்துப் பெட்டியில் வைக்கவும் மனம் வரவில்லை, அதன் எதிரில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் முடியவில்லை.

திருச்செங்கோட்டில் பாதிப் பேர் ரிக் லாரியை நம்பிப் பிழைக்கிறவர்கள். எங்கோ வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும்போது இரும்புக் குழாய் நழுவி முதுகில் விழும், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு வீட்டுக் கட்டிலில் கிடந்து, படுக்கைப்புண் வந்து, அது அழுகி உயிரைக் குடிக்கும். அப்படி யாரும் சாகக்கூடாது என்றுதான், தானும் அப்படி விழுந்தவரான அண்ணன், சங்ககிரி ரோட்டில் ஒரு பழைய நூல் குடோனை வாடகைக்குப் பிடித்து, அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள இந்த இல்லத்தைத் தொடங்கினார். ரிக் வண்டியில் துளை போடும் ஆளை டிரில்லர் என்பார்கள். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு நன்கொடை திரட்ட, ஆட்டையாம்பட்டிக்காரியான என்னை வேலைக்கு வைத்தார்.

முதல் வீடியோவுக்கு அந்தச் சட்டையில்தான் வந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, முகம் கொள்ளாத சிரிப்பு. “ஏனுங்ணா, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?” என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கெணறு போடக் கூப்புடறவன் மொதல்ல வண்டி சுத்தமா இருக்குதான்னுதாஞ் சாமி பாப்பான். நம்ம மூஞ்சி நல்லா இருந்தாத்தான நம்பிக் குடுப்பாங்க?” என்றார். இல்லத்துக்காரர்கள் நாற்காலியில் ஏறி உட்காரப் பழகியதையும், இரண்டு பேர் செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டதையும் பெருமையாகப் பேசினார். அந்த வீடியோவை இல்லத்தில் இருந்தவர்களும் என் அம்மாவும் பார்த்தார்கள். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாடகை பாக்கி விழுந்தது. தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட வந்த நர்ஸம்மா, சம்பளம் வராமல் எத்தனை நாள்தான் வருவார்? அவரும் நின்றுவிட்டார். வாழப்பாடியிலிருந்து வந்திருந்த ஒருவர், புண் முற்றிக் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனார். அண்ணன் ஓட்டை விழுந்த பனியனோடு அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்துப் பதிவு செய்தேன். என் கை ஏன் அப்படிப் போயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போடட்டுமா என்று அவரிடம் கேட்கவாவது கேட்டேன். “நர்ஸம்மா திரும்ப வருவாங்கன்னா போட்டுரு” என்றார். அது காட்டுத்தீயாகப் பரவியது. யார் யாரோ பணம் அனுப்பினார்கள், அந்த வாரமே நர்ஸம்மா வந்துவிட்டார். அடுத்த வீடியோவில் அண்ணன் சந்தோஷமாகச் சிரித்தபடி நன்றி சொன்னார். ‘இவருக்கு என்ன குறை, நல்லாத்தானே இருக்கிறார்’ என்று கீழே ஒருவர் எழுதினார். பணம் வருவது சட்டென்று நின்றது.

அதன்பிறகு நானே கெட்டிக்காரியாகிவிட்டேன். பனியனோடு உட்காரச் சொன்னேன், முகத்தில் வெளிச்சம் விழாத மூலைக்கு நாற்காலியைத் தள்ளினேன், “சிரிக்காதீங்ணா” என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஓடாத வீடியோக்கள் மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும் என்று சேலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் சட்டை போட்ட அந்த முதல் வீடியோவையும், சிரித்தபடி நன்றி சொன்னதையும் நீக்கிவிட்டேன். போனில் இடம் போதவில்லையென்று அதிலிருந்தும் அழித்தேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணனின் மகள் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள் என்றால் சனிக்கிழமையே சட்டை இஸ்திரிக்குப் போய்விடும். ஒரு ஞாயிறு வந்தவள் உட்காரவே இல்லை. “அப்பா, நீங்க அழுவறத எங்க கிளாஸ்ல எல்லாருமே பாத்துட்டாங்க. உங்க அப்பாவான்னு கேக்கறாங்க. அத எடுத்துரச் சொல்லுங்க” என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். உள்ளே நர்ஸம்மா யாருக்கோ கட்டுப்போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “அது இருக்கட்டுஞ் சாமி” என்று மகளிடம் சொன்னார். அவள் அதன்பின் வரவில்லை. அண்ணன் மட்டும் சனிக்கிழமைதோறும் சட்டையை இஸ்திரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கெல்லாம் கட்டுப்போட வழி செய்தவர், தன் புண்ணை யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் இறந்த அன்று மத்தியானம் மகள் என்னிடம் வந்தாள். “அக்கா, பேனர் அடிக்கோணும். அப்பா சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ குடுங்க. உங்ககிட்டத்தான நெறைய இருக்கும்?” என்று கேட்டாள்.

நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் பனியன், எல்லாவற்றிலும் கண்ணீர். அவள் என் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பிளக்ஸ் கடைக்காரர், அழுகிற முகத்தை வெட்டி, யாருடைய கழுத்துக்கோ தைத்த வெள்ளைச் சட்டையைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுத்தார். அண்ணன் அந்த அந்நியச் சட்டையில் கண் கலங்கியபடி மூன்று நாள் எங்கள் வாசலில் தொங்கினார். அவருடைய சட்டை உள்ளே, சனிக்கிழமை இஸ்திரி போட்டு வந்தபடி இருந்தது.

அவர் அழும் வீடியோவை நான் இன்னும் நீக்கவில்லை. ‘சீக்கிரம் குணமாகுங்கள் அண்ணா’ என்று இப்போதும் எழுதிப் பணம் அனுப்புகிறார்கள். அதை நீக்கினால் நர்ஸம்மா நின்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. நீக்காமல் இருப்பது கேவலமாக இருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் போனை ஸ்டாண்டில் பொருத்துவதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மேடம், படம் புடிக்கறீங்களே, அந்தச் சட்டைய நான் போட்டுக்கட்டுங்களா?” என்று ஜன்னலைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. தலையைக் கையால் கோதிக்கொண்டு சிரித்தார். ஒரு படம் எடுத்து, அவர் பெயர் போட்டுத் தனியாகப் பத்திரப்படுத்தினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பிறகு சட்டையைக் கழற்றி வாங்கி மறுபடி ஹேங்கரில் மாட்டினேன். அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பதிவை ஓடவிட்டு, “சிரிக்காதீங்ணா” என்றேன்.