மூடி இருக்கா?

ஒரு வயர் அடியோடு செத்துவிட்டால் எனக்குக் கோபம் வராது. செத்த வயரைக் கண்டுபிடிப்பது லேசு. இடைக்கிடை வேலை செய்து, நான் போய் நிற்கிற நேரம் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிற வயர்தான் மனிசனைப் பைத்தியமாக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு வயர் என்னை மூன்று தரம் கல்முனையிலிருந்து இறக்காமத்துப் பக்கம் இழுத்தடித்தது.

அது ஒரு அரிசி ஆலை. அவித்த நெல்லைப் பகல் வேளையில் காய வைக்க ட்ரையர் ஒன்றை முதலாளி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ட்ரையரின் பெட்டி நிமிசத்துக்கு நிமிசம் ஆலையின் ஆபிசான கந்தோரில் உள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதைக் கோடாகக் கீறி வைக்கும். இதற்கெல்லாம் ஒரே ஒரு கறுப்பு வயர். ட்ரையரில் தொடங்கி, கந்தோருக்குள் புகுந்து, தராசு அறைக் கம்ப்யூட்டரில் போய் முடியும். அதன் இரண்டு முனையிலும் விரல் நுனியளவு இரும்புத் துண்டு ஒன்றைப் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் கழன்றாலும் போன செய்தி சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வந்து மோதி, முழு வயரும் ஊமையாகிவிடும். அந்தத் துண்டுக்கு இங்கிலீசில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஆலைக்காரர் வாயில் அது நுழையாதென்று, பெரிய கெட்டிக்காரன் போல நானே அதற்கு 'மூடி' என்று பெயர் வைத்தேன்.

வயரை இழுத்துக் கொடுத்ததும் நான்தான். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு கோடு அறுந்து அறுந்து வரத் தொடங்கிற்று. பகலில் ஒரு அரை மணித்தியாலம், பின்னேரம் ஒரு கால் மணித்தியாலம். அதே காலத்தில் அரிசியில் குருணை கூடி, கொழும்பில் வாங்கினவர்கள் ஒரு லொறி அரிசியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வந்தது வயரில் இல்லை, ட்ரையரைப் பார்க்கிற ஆளில்.

அவர் காரைதீவு ஆள், ஐம்பதை நெருங்கியவர். அந்த ஆலையில் வேலை செய்த ஒரே தமிழர், மற்ற எல்லாரும் என்னைப் போல முஸ்லிம்கள். லுஹர், அஸர் என்று பகலிலும் பின்னேரமும் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் அவர்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள். அவர் மட்டும் ட்ரையருக்குப் பக்கத்தில் நிற்பார். கோடு அறுந்ததும் சரியாக அந்த நேரங்களில்தான். ஆட்கள் போனதும் பெட்டியை நிற்பாட்டிவிட்டு எங்கேயோ போய்ச் சாய்கிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் மீது விழுந்த சந்தேகம் அரிசியோடு நிற்காது, வேறு கதைகளும் முளைக்கும். பிழை வயரில்தான் என்று நான் காட்டினால் அவர் தப்புவார். காட்டாவிட்டால் வேலை போகும். இதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

முதல் தரம் எல்லாப் பொருத்தையும் கழற்றிப் பார்த்தேன், மீட்டர் வைத்து அளந்தேன். இரண்டு மூடியும் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு குறையும் இல்லை. லுஹருக்குப் பாங்கு சொன்னதும் நானும் மற்றவர்களோடு பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது காரைதீவு ஆள் வாசலிலேயே நின்றார். நீங்கள் போன கையோடு பெட்டியில் சிவப்பு லைட் பற்றியது, இப்போதுதான் அணைந்தது என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பச்சை லைட் அழகாக மினுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தரம் வயரில் பாதியைப் புதிதாக இழுத்தேன். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்தபோதும் அவர் அதே கதையைத்தான் சொன்னார். பெட்டியில் அதே பச்சை. எனக்கு வந்த எரிச்சலில், நான் நிற்கும்போது ஏன் அண்ணன் அது பற்றவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் நல்லதில்லை. அவர் திரும்பி ட்ரையர் பக்கம் போனார்.

அடுத்த கிழமை முதலாளி போன் எடுத்தார். பகல் சாப்பாட்டு நேரம். இப்பவும் கோடு வரவில்லை, வயரா ஆளா என்று ஒரே சொல்லில் சொல்லு என்றார். இன்னொரு தரம் போவதென்றால் இரண்டு பஸ், ஒவ்வொரு செக்பொயின்டிலும் இறங்கி ஏற வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. மூடி கழன்றிருந்தாலும் இப்படி நடக்கலாமே என்று பட, தராசு அறைக் கிளாக்கரைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், உமித் தூசி ஒரு துளி படவும் விடாத, நல்ல கவனமான ஆள்.

"கடைசிக் கம்ப்யூட்டர்ல மூடி இரிக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் காக்கா, மூடி இரிக்கு. நான்தான் மூடின."

முதலாளியிடம் வயரில் பிழையில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் காரைதீவு ஆளை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து முதலாளி திரும்பவும் கூப்பிட்டார். ட்ரையருக்கு வந்த புது ஆள் அவருடைய சொந்த மருமகன், மருமகன் நிற்கிற நேரமும் கோடு அறுகிறதாம். இந்தத் தரம் லுஹருக்குப் பாங்கு சொன்னபோது, நீங்கள் போங்கள், நான் பிந்தித் தொழுகிறேன் என்று ட்ரையருக்கு முன்னால் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு லைட் பற்றியது. அந்த மனிசன் சொன்னது சொன்னபடியே நடந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கந்தோரில் எல்லாம் சரி. தராசு அறைக்குள் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட சீத்தைத் துணியில் உறை போட்டு, சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பின்னால் வயரின் முனை மொட்டையாக இருந்தது.

கிளாக்கர் தொழுகை முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கேட்டதும் மேசை லாச்சியைத் திறந்து, கடுதாசியில் பொதிந்து வைத்திருந்த இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார். உறை, கோடு அறுபடத் தொடங்கின காலத்தில் அவருடைய மனைவி அளவெடுத்துத் தைத்தது. பின்னால் இந்தத் துண்டு துருத்திக்கொண்டு நிற்பதால் உறை கீழே இறங்காது, தூசி போகும். அதனால் எழும்பிப் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்து, துண்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு மூடுவாராம். வந்ததும் முதல் வேலையாகத் திரும்பப் பூட்டுவாராம்.

"நீங்கதானே காக்கா போன்ல கேட்டீங்க, மூடி இரிக்கா எண்டு. மூடித்தானே இருந்த."

ஏச வாய் திறந்தேன். ஏச்சு விழ வேண்டிய ஆள் நான். துண்டுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான், துண்டு எது என்று அவருக்கு ஒரு நாளும் தொட்டுக் காட்டாதவனும் நான்.

முதலாளி கேட்டுவிட்டு, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு, "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். பிறகு, போகிற வழிதானே, அந்த ஆளை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு என்றார்.

காரைதீவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். உறை, இரும்புத் துண்டு, போனில் நான் கேட்டது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முதலாளி வரச் சொன்னதையும் சொன்னேன்.

"சிவப்பு லைட் பத்தினத உங்களுக்குத்தான் தம்பி முதல் சொன்னன்," என்றார். "ரெண்டு தரம் சொன்னன். நான் சொல்லக்குள்ள அது பொய். இப்ப வயர் சொன்ன உடன உண்மையாப் போயிற்று. மனிசன விட வயர நம்புற இடத்தில நான் என்னத்துக்கு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே பார்த்து எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் குடித்தேன். அவர் ஆலைக்குப் போகவேயில்லை.