ஷோகேஸில் நின்ற கணினி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் வரிசையாகக் கம்பி முனைகள். அண்ணன் மனைவியான மைனி ஆறு மாதம் சொல்லிச் சொல்லி அண்ணனை வாங்க வைத்த அந்தக் குட்டிக் கணினியை எங்கள் வீட்டில் முதலில் எடுத்துப் பார்த்தவள் நான். அதைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்தவளும் நான்தான்.

அண்ணன் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியைப் பிரித்துச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைப்பது என் பொறுப்பு. யாருக்குச் சென்ட், யாருக்குத் தைலம் என்று பெயர் எழுதி ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அருமனை அத்தைக்கு மட்டும் எல்லாருக்கும் கொடுப்பதைக் கொடுத்தால் முகம் கோணும். அந்த முறை அண்ணன் பயண அலுப்பில் தூங்க, மைனி அடுக்களையில் நிற்க, யாரிடமும் இல்லாத சாமானாக இந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. ‘அருமனை அத்தைக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மைனி வந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. “சவம், அது வெளயாட்டுச் சாமானாட்டி? திங்கக்கெழம நான் எதக் கொண்டு காட்டுவேன்?” என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எட்டு வருடம் வீட்டில் இருந்தவருக்குத் தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் நேர்காணல். ஏதாவது செய்துகாட்டச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அத்தை ஆயுசுக்கும் நம் வாசல் மிதிக்கமாட்டாள் என்று அம்மா வேறு பயமுறுத்தினாள்.

மறுநாள் நானும் மைனியும் அருமனைக்குப் பஸ் ஏறினோம். அத்தை வீட்டு ஷோகேஸில், கரடி பொம்மைக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் நடுவில் அந்தப் பலகை நிமிர்ந்து நின்றது. “பாத்தியா மக்களே, இந்த ஊருல ஒருத்தியிட்டயும் கெடையாது,” என்றாள் அத்தை. மைனி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. “அத்தெ, இத வேல செய்ய வச்சுக் காட்டட்டா?” என்றார்.

பையிலிருந்து கீபோர்டும் வயர்களும் வெளியே வந்தன. டிவியோடு பலகையை இணைத்து, இரண்டு செம்புக் கம்பிகளை முற்றத்தில் ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே கொண்டு வைத்தார். முதல் தடவை கம்பிமேல் தண்ணீர் தெளித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைக் கழற்றி மாட்டி, மறுபடி தண்ணீர் தெளித்தார். வீட்டுக்குள் கீச்சென்று மணி அடித்தது.

“மழ விழுந்தா இப்படிக் கூப்பிடும் அத்தெ. ஷீட்ட எடுத்திரலாம்.”

அத்தை தானே நாலு தடவை தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. நேர்காணலையும் என் அவசரக்குடுக்கைத்தனத்தையும் உடைத்துச் சொல்லிவிட்டேன். அத்தை என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு பலகையைப் பெட்டியில் வைத்து மைனியிடம் நீட்டினாள். “கொண்டு போ மக்களே. வேலய வாங்கிட்டு எனக்கொண்ணு செஞ்சு தா.”

வேலை கிடைத்தது. அத்தைக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது.

சமீபத்தில் மைனியின் லேபுக்குப் போயிருந்தேன். மேசைமேல் அதே பச்சைப் பலகை, பக்கத்தில் அதே அட்டைப்பெட்டி. மேலே என் கொட்டை எழுத்து. “இதக் கிழிச்சுப் போடக் கூடாதா மைனி?” என்றேன்.

“கெடக்கட்டும்ட்டி. அன்னைக்கு அத்த வீட்டுல அது மணி அடிக்கலேன்னா, திங்கக்கெழம பயந்துகிட்டு நான் போயிருக்கவே மாட்டேன்.”

இனி என் பங்கு வைக்கும் திறமையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.