அக்கா என்னை மணலில் வீழ்த்திய நாள்

விசா, வாடகை வீடு, விமானச் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போவதைக் கடைசியாகத்தான் வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. ஜூன் விடுமுறையில் அம்மா எங்களைச் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு இழுத்துப் போய், மணலில் கோடு கிழித்துக் கபடி ஆட வைத்தார்.

நான் பாடிச் சென்றதுமே அக்கா பாய்ந்தாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கி மணலில் அறைந்தாள். என் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மேலே ஏறி உட்கார்ந்து தோளில் மாறி மாறிக் குத்தினாள்.

“என்கிட்டகூட சொல்லாம போவியாடி? நான் யாருடி உனக்கு?”

“சாரிக்கா... மூச்சு முட்டுது லா!”

நடுவராக நின்ற அம்மா கத்தினார்: “கபடி சொல்றத நிறுத்திட்ட, நீ அவுட்!”

அக்கா சிரித்துவிட்டாள். வாய் நிறைய மணலோடு நானும் சிரித்தேன். அவள் பேசாதிருந்த நாள்கள் வலித்த அளவுக்கு அந்தக் குத்துகள் வலிக்கவேயில்லை.