தாய்மாமன் இல்லை என்றேன்

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த கையோடு என் மகளைத் தத்துக் கொடுத்தேன். வளர்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு படம் அனுப்புவார்கள் என்று தத்து அலுவலகத்தில் வாயால்தான் சொன்னார்கள். மூன்று படங்கள் வந்தன, பிறகு ஒன்பது வருடம் எதுவும் இல்லை. எங்கே இருக்கிறாள், என்ன பெயர் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையாம். எப்போது கேட்டாலும் அலுவலகத்து மிஸ் "அது சொல்ல ஏலாது" என்பார். அந்த ஏலாதைக் கேட்டுக் கேட்டே எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று படத்திலும் ஒரே பிள்ளைதானா என்று காதுமடலை வைத்து ஆராய்ந்தவள் நான்.

போன மாசியில் அந்த மிஸ்ஸே எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுருவில் ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"உமக்கு ஆம்பிளைச் சகோதரம் இருக்கோ?"

"ஏன் கேக்கிறியள்? பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லையில்லை, நல்லா இருக்கிறா. காரணம் சொல்ல ஏலாது. இருக்கோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லும்."

எனக்கு ஒரு தம்பி. புளியங்கூடலில் தோட்டம் செய்கிறான். தத்துக் கொடுத்த அன்று என்னையும் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் அலுவலகத்துக்கு ஏற்றிப்போனவனும் அவன்தான். அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஒருமுறை ஏமாந்தது போதாதா?

"இல்லை. நான் தனிச்சுப் பிறந்தனான்," என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு, நல்லாக் குடுத்தேன் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

சித்திரையில் அலுவலகத்திலிருந்து ஒரு கடித உறை வந்தது. இதிலும் ஏதோ சூழ்ச்சி என்று இரண்டு நாள் பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தேன். பிரித்தால் ஒரு படம். பந்தலுக்குள் பலகையில் ஈரத்தோடு இருக்கிறாள், என் மூக்கு அப்படியே. வயசுக்கு வந்து பெரியபிள்ளையாகிவிட்டாள். தாய்மாமன் வார்க்க வேண்டிய தண்ணீரை யாரோ ஒரு வயதான மனிதர் செம்பால் அவள் தலையில் வார்க்கிறார். படத்தின் பின்னால் திகதி, அதன் கீழே அவளுடைய எழுத்து:

"இங்கே இருக்கிற அம்மாவுக்குச் சகோதரம் இல்லை. உங்களுக்கு இருந்தால் அவரைக் கூப்பிடுவம் என்று நான்தான் கேட்கச் சொன்னனான். உங்களுக்கும் இல்லையாம். பக்கத்து வீட்டு ஐயா வார்த்தவர்."

தம்பி வந்தபோது படத்தைக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். என்னை ஏசுவான், ஏசினால் நல்லது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பின்பக்கத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"அந்தக் கிழமை ஏழு நாளும் நான் வீட்டில சும்மாதான் அக்கா இருந்தனான்," என்றான்.