புருஷனைப் பாடாத மாசாணி

எங்கள் லைன் வீடுகளில் மாசாணியம்மாள் வந்து பாடாவிட்டால் இழவு வீடு களைகட்டாது. இப்படிச் சொல்வது தப்புத்தான். ஆனாலும் உண்மையை வேறு எப்படிச் சொல்வது? பகலெல்லாம் ஆலையில் என் பக்கத்து ரீலிங் மெஷினில் நின்று நூல் சுற்றுகிறவள், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். யார் வீட்டிலாவது சாவு என்றால் போதும், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் கைபோட்டு அழும் அந்தக் கூட்டத்தில் அவள் குரல் மட்டும் தனியாக எழும்பும். கண்ணில் தண்ணீரே வராத மருமகள்கள்கூட அப்போது அழுதுவிடுவார்கள்.

அப்பனுக்குப் பாடுவாள், ஆத்தாளுக்குப் பாடுவாள், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் பாடுவாள். புருஷன் செத்த வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டாள். கழுத்தில் தாலி இருக்கும்போது புருஷன் பாட்டை வாயில் எடுத்தால், அது எடுத்தவள் வீட்டுக்கே வந்து சேரும் என்பது எங்கள் ஜனங்களின் பயம். மற்றவர்கள் பயந்துகொண்டே பாடிவிடுவார்கள். மாசாணி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் ஐயாசாமி இருபத்தொன்பதாம் வருஷம் பினாங்குக்கு ரப்பர் வெட்டப் போனார். போத்தனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "அம்மணி, தாகமா இருக்குது, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று பித்தளைச் சொம்பைக் கொடுத்தாராம். இவள் ஓடினாள். குழாயடியில் கூட்டம். நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டிதான் கண்ணில் பட்டது.

இரண்டு காகிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ரப்பர் விலை விழுந்த வருஷம் அங்கிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பினார்கள். மாசாணி ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டாள். ஒருவர் பார்த்தேன் என்றார், ஒருவர் அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றார், ஒருவர் பேச்சை மாற்றினார். எனக்கு அந்த ஐயாசாமிமேல் வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. ஒரு கார்டு போட என்ன கேடு? ஆனால் மாசாணியிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேச முடியாது. "தாகத்தோட போனவருங்க்கா. தண்ணி குடுக்காம அனுப்பிச்சுப்போட்டேன்" என்பாள். ஏழு வருஷமாக அதே பேச்சு.

முப்பத்தாறாம் வருஷம் தை மாசம் ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்து தகரக் கொட்டகை போட்டது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் என்பதால், ஆலை வாசலில் கொடுத்த நோட்டீஸை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 'நீலமணி ராணி' என்ற பழைய நாடகம். போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் ராஜாவைப் பார்த்து ராணி அரைமணி நேரம் பாடி அழ வேண்டும். ராணி வேஷம் போட்டவள் பாதியில் விலகிவிட்டாளாம். நன்றாகப் பாடும் ஸ்திரீ தேவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்து பாடிக் காட்டலாம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கடைசி வரி: கம்பெனி மாசி மாதம் கப்பலேறிப் பினாங்கு, ஈப்போ முதலிய ஊர்களுக்குப் போகிறது.

மாசாணி அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.

"நான் போறேனுங்க்கா" என்றாள்.

"நாடகக்காரின்னு பேரு வந்துட்டா அப்புறம் இந்த லைனுக்குள்ள உன்னைய விடுவாங்களா, கண்ணு?"

"விடலைன்னா அங்கயே இருந்துக்கறேன்."

என்ன பாடுவது என்பதுதான் அடுத்த தொல்லை. ஒப்பாரி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். விளக்கேற்றி வைத்திருக்கும் கொட்டகையில் போய் இழவுப் பாட்டா பாடுவது? நஞ்சுண்டன் டீக்கடையில் கிராமபோன் உண்டு. கடைக்குள் எங்களுக்கு இடமில்லை, ஆனால் தெருவில் நிற்பதை யார் தடுப்பது? ஆலைச் சங்கு ஊதி நாங்கள் வெளியே வரும் நேரத்துக்கு அவர் முருகன் பாட்டுப் பிளேட்டு ஒன்றைத் தவறாமல் போடுவார். மாசாணிக்கு அது மனப்பாடம். அந்த வாரம் முழுவதும் மெஷின் சத்தத்துக்கு மேலே அதைப் பாடிப் பாடி, எனக்கே கனவில் வந்துவிட்டது. பிசகில்லாமல் பாடினாள். இதைக் கேட்டால் எந்தக் கம்பெனிக்காரன் வேண்டாம் என்பான் என்று நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். எங்களுக்கு முன்னால் ஆறேழு பெண்கள், ஜரிகைச் சேலையும் பவுடருமாக. மாசாணி துவைத்த சீட்டிச் சேலையில் இருந்தாள். கம்பெனி மானேஜர் சீனிவாசலு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்மோனியக்காரர் சுந்தரராஜுலு.

மாசாணி முருகன் பாட்டை எடுத்தாள். மானேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரே பெருமை. பாடிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நிறுத்திக் கும்பிடு போட்டாள். ஆர்மோனியம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு, ஆளைக் காணோமே என்று நின்றது.

"சரணம் எங்கேம்மா?" என்றார் சுந்தரராஜுலு.

"அவ்வளவுதானுங்க பாட்டு."

"பாதிதானே பாடினே?"

"பிளேட்டுல அதோட நின்னுருமுங்க."

ஜரிகைச் சேலைகள் எல்லாம் சிரித்தன. "பிளேட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டும்மா. திருப்பிப் போட்டால்தான் மீதிப் பாட்டு" என்றார் மானேஜர். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்குப் புண்ணியம். நஞ்சுண்டன் பிளேட்டின் மறுபக்கத்தில் கீறல் விழுந்து ஊசி தாண்டுமாம், அதனால் அந்தப் பக்கத்தை அவர் போடுவதே இல்லையாம். இது பிறகு தெரிந்தது. பாட்டுக்கு மறுபக்கம் இருக்கும் என்று தெருவில் நின்று கேட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாசாணியின் முகத்தைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங்க, இவ ஒப்பாரி பாடிக் கேளுங்க. எங்க பக்கத்துல இவளுக்கு மிஞ்சி ஆளில்லீங்க" என்று போட்டு உடைத்துவிட்டேன். மாசாணி என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

மானேஜர் வற்புறுத்தவே, செத்துப்போன தன் அப்பனை நினைத்து நாலு அடி பாடினாள். இரண்டாவது அடியிலேயே சுந்தரராஜுலு ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இந்தக் குரல்தான் எனக்கு வேணும்" என்றார் மானேஜர். "ஆனா ராணி அழறது அப்பனுக்கு இல்லே, புருஷனுக்கு. அதைப் பாடும்மா."

"அது மட்டும் வேண்டாமுங்க."

ஏனென்று அவர் கேட்க, நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாசாணியின் பக்கம் திரும்பினார். "நாடகத்திலே ராஜா சாகறதில்லேம்மா. ராணி அழுது முடிச்சுத் தண்ணி தெளிச்சதும் எழுந்துக்குவார். இது பொய் அழுகைதானே?" என்றார்.

"எனக்குப் பொய்யா அழுகத் தெரியாதுங்க."

"அப்படின்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். மாசி பத்தாம் தேதி நாகப்பட்டினத்திலே கப்பல்."

வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்தோம். பினாங்குக்குப் போய்ப் புருஷனைத் தேட அவளுக்கு இருந்த ஒரே வழி இந்தக் கொட்டகைதான். அந்த வழியில் போக வேண்டுமானால், அவர் செத்துவிட்டார் என்று ஊரறிய அழ வேண்டும். இப்படி ஒரு கஷ்டத்தை எந்தச் சாமிதான் யோசித்து வைத்ததோ! வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இழவு ஊட்டுல செத்தவங்களப் பாத்து நாம என்னன்னு பாடறோம்?"

"என்ன பாடுவோம்? எந்திரிச்சு வாங்க, எம்முன்னால வாங்கன்னு பாடுவோம்."

"அவங்க ஏன் வாரதில்ல?"

"செத்தவங்களுக்குக் காது கேக்குமா, கண்ணு?"

"உசுரோட இருக்கறவருக்குக் கேக்குமல்ல?" என்றாள்.

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்க, பாட்டுல ஊரு பேரு எல்லாம் வெச்சுக்கலாமுங்களா?"

"உனக்கு என்ன வேணுமோ வெச்சுக்கோம்மா" என்றார் மானேஜர்.

ஒரு கையால் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

போத்தனூரு ரயிலேறிப் போன மவராசா,
போயி ஏழு வருசமாச்சு, பொறப்பட்டு வாங்க.
தண்ணி வேணும்னு சொன்னீங்க, தாகத்தோட போனீங்க,
சொம்பு நெறையத் தண்ணியோட இன்னும் நிக்கறேன்.
எந்திரிச்சு வாங்க சாமி, எம்முன்னே வாங்க.

மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே பாடி முடித்தாள். ஏழு வருஷமாகப் பாத்திரம் கழுவிக் கழுவி அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு அந்தத் தகரக் கொட்டகையில் வெளியே வந்தது. நானும் அழுதேன். அந்த ஐயாசாமிமேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்துக்கு எங்கேயோ போய்விட்டது.

மாசி பிறந்ததும் கம்பெனி புறப்பட்டது. வழியனுப்பப் போத்தனூருக்குப் போனேன். அதே பிளாட்பாரம். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். ரயில் வருவதற்கு முன்பே அந்தச் சொம்பை நிரப்பி அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் சொல்லச் சொல்லச் சுந்தரராஜுலு எழுதிய காகிதங்கள் வந்தன. ராஜாவின் தலைமாட்டில் தன் சொம்பைத்தான் வைக்கிறாளாம், அந்தத் தண்ணீரைத்தான் தெளிக்கிறாளாம். நாடகம் முடிந்ததும் சொம்பை மறுபடி நிரப்பி, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் கொட்டகை வாசலில் நிற்கிறாளாம், கடைசி ஆள் போகும்வரைக்கும். பினாங்கிலிருந்து வந்த காகிதத்தின் முடிவில், 'யாரும் வரலீங்க்கா' என்று இருந்தது. தைப்பிங்கிலிருந்து வந்ததிலும் அதேதான். ஈப்போவிலிருந்து வந்ததை நான் பிரிக்காமலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். அதிலும் அதேதான்.

ஐப்பசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுத்து மெலிந்த ஒரு மனிதர் தகரப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். "ஐயாசாமிங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லீங்க. நான் சென்னிமலைங்க, பேரு செங்கோடன்" என்றார் அவர். "தறியில கடன் மிஞ்சி அந்தச் சீமைக்குப் போனவனுங்க. ஒம்பது வருசமாச்சு. கையில ஒண்ணும் சேரல, எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊட்டுக்குக் காயிதம் போடறதுன்னு அப்படியே உட்டுப்போட்டேன். செத்துட்டான்னு நெனச்சுக்கட்டும்னு இருந்தேனுங்க. நாடகத்துல அந்தம்மா பாடறதக் கேட்டேன். பேரு எம்பேரு இல்ல, ஊரு எங்கூரு இல்ல. ஆனா எனக்குத்தான் பாடறாங்கன்னு தோணிப்போச்சு. வாசல்ல வந்து நின்னேன். தண்ணி குடுத்தாங்க. குடிச்சுப்போட்டு அடுத்த கப்பலுக்கே பொறப்பட்டுட்டேனுங்க."

பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மாசாணி சொல்லி எழுதியது.

'அக்கா, ஒருத்தரு எந்திரிச்சுட்டாரு. எங்க ஊட்டுக்காரரு இல்ல. இருந்தாலும் எந்திரிச்சுட்டாரு. அடுத்த ஊரு கிள்ளானாம். அங்கயும் பாடறேன்.'

செங்கோடனை உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். மாசாணி எப்படி இருக்கிறாள், இளைத்துவிட்டாளா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்க எவ்வளவோ இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சென்னிமலையிலும் ஒருத்தி ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாளே, பகல் ரயிலுக்கே அவரை அனுப்பிவைத்தேன்.